முதியோரும் ஊக்கி மருந்துகளும்: இதயத்துக்கு உண்டாகும் இடர்கள்

ஊக்கி மருந்துகள் என்பவை மூளையின் விழிப்பையும் கவனத்தையும் கூட்டுவதற்காக மருத்துவர்கள் எழுதித்தரும் மருந்துகள் ஆகும். மெத்தில்பெனிடேட், ஆம்பெட்டமைன் வகை மருந்துகள் இவற்றுள் முதன்மையானவை. விழிப்பைத் தரும் மோடஃபினிலும் இவற்றோடு சேர்த்துப் பேசப்படுவதுண்டு. விளையாட்டு வீரர்கள் விதிகளை மீறி உட்கொள்ளும் பொருள்களையும் தமிழில் ஊக்கமருந்து என்றே அழைக்கிறோம். இக்கட்டுரை அவற்றைப் பற்றியதன்று; நோய்க்காக மருத்துவச் சீட்டில் தரப்படும் மருந்துகளைப் பற்றியது.

இம்மருந்துகள் இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் சிறிதளவு உயர்த்துகின்றன. இளம் வயதினரில் பெரும்பாலோர் இந்த உயர்வைத் தாங்கிக்கொள்கின்றனர். முதியவர்களின் நிலை வேறு. மருந்தைத் தொடங்கிய முதல் 30 நாட்களில் அவர்களுக்கு இதயத் துடிப்புக் கோளாறும் பக்கவாதமும் கூடுதலாக ஏற்படுவதாகக் கனடாவில் நடந்த ஓர் ஆய்வு 2021இல் காட்டியது. இந்த இடர் எவ்வாறு உண்டாகிறது, வேலூர், ஆம்பூர் தோல் தொழில் பகுதியில் வாழும் முதியவர்களுக்கு அது எவ்வாறு பொருந்துகிறது, எப்படித் தவிர்க்கலாம் என்பவை கீழே விளக்கப்படுகின்றன.

வரலாறும் பயன்பாடும்

மெத்தில்பெனிடேட் 1944இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் லியாண்ட்ரோ பனிசோன் என்ற வேதியியலாளரால் உருவாக்கப்பட்டது. 1954இல் ரிட்டலின் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அப்பெயர் அவருடைய மனைவி ரீட்டாவின் பெயரிலிருந்து வந்தது. இன்று குழந்தைகளின் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாற்றுக்கான மருந்தாக இது அறியப்பட்டாலும், தொடக்கக் காலத்தில் பெரியவர்களின் களைப்புக்கும் மனச்சோர்வுக்கும் தரப்பட்டது.

முதியவர்களுக்கு இம்மருந்துகள் பின்வரும் நிலைகளில் எழுதப்படுகின்றன:

• இளமையில் கண்டறியப்படாமல் முதுமையில் கண்டறியப்படும் கவனக்குறைவுக் கோளாறு
• பகலில் அடக்க முடியாத தூக்கம் வரும் நார்கோலெப்சி நோய்
• அல்சைமர் நோயில் வரும் ஆர்வமின்மை
• வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத மனச்சோர்வு
• புற்றுநோயாளிகளுக்கு வரும் கடுங்களைப்பு

இவற்றுள் சிலவற்றுக்கு நல்ல சான்று உண்டு. அல்சைமர் நோயாளிகள் 200 பேரிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2021இல் வெளிவந்த ஆய்வில், நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் மெத்தில்பெனிடேட் ஆர்வமின்மையைக் குறைத்தது. பேச்சும் செயலும் இன்றி ஒரே இடத்தில் அமர்ந்திருக்கும் நோயாளி மீண்டும் குடும்பத்தாருடன் கலப்பது சிறிய பயனன்று. ஆகவே முதியோருக்கு இம்மருந்தைத் தரவே கூடாது என்று சொல்வதற்கில்லை. யாருக்கு, எப்படி, எந்தக் கண்காணிப்புடன் தருவது என்பதே மருத்துவர்கள் முன் உள்ள கேள்வி.

இதயத்தில் செயற்படும் விதம்

நரம்பணுக்கள் டோபமின், நார்அட்ரினலின் ஆகிய வேதிப்பொருள்களை வெளியிட்டு ஒன்றோடொன்று தொடர்புகொள்கின்றன. வேலை முடிந்ததும் அவற்றைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. மெத்தில்பெனிடேட் இந்த மீளுறிஞ்சலைத் தடுக்கிறது. ஆம்பெட்டமைன் அதைத் தடுப்பதோடு கூடுதல் அளவு வேதிப்பொருளை வெளியே தள்ளவும் செய்கிறது. மூளையில் இதன் விளைவு விழிப்பும் கவனமும் ஆகும்.

நார்அட்ரினலின் மூளையில் மட்டும் வேலை செய்யும் பொருளன்று. இதயத்துக்கும் இரத்தக் குழாய்களுக்கும் செல்லும் நரம்புகளும் அதையே பயன்படுத்துகின்றன. அது கூடும்போது இதயம் விரைவாகவும் வலுவாகவும் துடிக்கிறது. இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. பெரியவர்களிடம் சராசரியாக இரத்த அழுத்தம் 2 முதல் 4 மி.மீ. பாதரச அளவும், நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 3 முதல் 6 வரையும் உயர்கின்றன.

இவை சராசரிகள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு ஏற்றமே இல்லாமல் இருவருக்கு 15, 20 என்று ஏறினாலும் சராசரி 3 அல்லது 4 என்றே வரும். அந்த இருவர் யார் என்பது மருந்து தொடங்கிய பின் அழுத்தத்தை அளந்தால்தான் தெரியும்.

வயது கூடும்போது மாறுபவை

முதுமையில் இரத்தக் குழாய்கள் நெகிழ்வை இழந்து விறைப்படைகின்றன. அதனால் இதயத்தின் ஒவ்வொரு துடிப்பும் கூடுதல் அழுத்தத்தை உண்டாக்குகிறது. பல ஆண்டுகளாக உயர் இரத்த அழுத்தம் இருந்தால் இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடிக்கிறது; தசைக்குள் நார்த்திசு படிகிறது. மின் துடிப்புகள் வழிதவறிச் சுழல்வதற்கு இத்தகைய தசை இடம் தருகிறது. இதயத்தின் தமனிகளில் அறிகுறி காட்டாத அடைப்புகளும் இருக்கலாம். துடிப்பு விரைவுபடும்போது இதயத் தசைக்குத் தேவைப்படும் ஆக்சிசன் கூடுகிறது; அடைப்புள்ள தமனியால் அதைத் தர முடிவதில்லை.

சிறுநீரகத்தின் திறனும் வயதோடு குறைகிறது. ஆம்பெட்டமைனின் ஒரு பகுதி சிறுநீர் வழியாகவே வெளியேறுவதால், முதியவர் உடலில் அது நீண்ட நேரம் தங்கக்கூடும். இவற்றோடு முதியவர்கள் ஏற்கெனவே பல மாத்திரைகளை உட்கொண்டுவருவதும் சேர்கிறது.

ஆய்வுகள் கூறுவன

கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 66 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் மருத்துவப் பதிவுகளைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வு, 2021இல் 'ஜாமா நெட்வொர்க் ஓப்பன்' இதழில் வெளிவந்தது. புதிதாக ஊக்கி மருந்து தொடங்கிய 6,457 பேரை, வயதிலும் நோய்களிலும் அவர்களை ஒத்த, மருந்து உட்கொள்ளாத 24,853 பேருடன் அது ஒப்பிட்டது. முதல் 30 நாட்களில் இதய, இரத்தக்குழாய் நிகழ்வுகளின் வீதம் மருந்து உட்கொண்டவர்களிடம் 1.4 மடங்காக இருந்தது. தனித்தனியே பார்த்தால் கீழறைத் துடிப்புக் கோளாறு 3 மடங்கும், பக்கவாதமும் தற்காலிகப் பக்கவாதமும் சேர்ந்து 1.6 மடங்கும் ஆயின. 180 நாள், 365 நாள் கணக்கில் பார்த்தபோது இந்த வேறுபாடு உறுதியாகத் தென்படவில்லை.

பிறகு ஏன் குறைகிறது என்பதற்குச் சில காரணங்கள் கூறலாம். தொந்தரவு கண்டவர்கள் முதல் சில வாரங்களிலேயே மருந்தை விட்டுவிடுகின்றனர். தொடர்பவர்கள் அதைத் தாங்கக்கூடியவர்கள். மருத்துவர்கள் அளவைத் திருத்துகின்றனர். உடலும் ஓரளவு பழகிக்கொள்கிறது. எனவே ஓராண்டு முடிவில் இடர் தெரியவில்லை என்பதால் முதல் மாதத்தின் இடர் இல்லாமல் போவதில்லை.

1.4 மடங்கு என்பதை எண்ணிக்கையாக மாற்றிப் பார்ப்பது நல்லது. மருந்து உட்கொள்ளாத ஆயிரம் முதியவர்களில் ஒரு மாதத்தில் 4 பேருக்கு இத்தகைய நிகழ்வு வருவதாக வைத்துக்கொண்டால், மருந்து உட்கொள்ளும் ஆயிரம் பேரில் அது 5 அல்லது 6 ஆகும். பெரும்பாலோருக்கு ஒன்றும் நேர்வதில்லை. ஆனால் ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களிடம் தொடக்க எண்ணே பெரிதாக இருப்பதால், அதே 1.4 மடங்கு கூடுதலான மனிதர்களைத் தாக்கும்.

எல்லா ஆய்வுகளும் ஒரே முடிவைத் தரவில்லை. 2022இல் 19 ஆய்வுகளையும் 39 லட்சம் பேரையும் தொகுத்துப் பார்த்த ஒரு பகுப்பாய்வு, எந்த வயதுப் பிரிவிலும் புள்ளியியல் நோக்கில் உறுதியான உயர்வு இல்லை என்றது. முதியோர் பிரிவில் கணக்கின் பிழை எல்லை மிக அகலமாக இருந்தது. 2023இல் வெளிவந்த சுவீடன் நாட்டு ஆய்வு, இம்மருந்துகளைப் பல ஆண்டுகள் தொடர்வோரிடம் உயர் இரத்த அழுத்தமும் தமனி நோயும் கூடுவதைக் காட்டியது. ஆனால் அதில் சேர்க்கப்பட்டோர் 6 முதல் 64 வயது வரையினர். முதியோரைத் தனியே எடுத்து, மருந்து தொடங்கிய நாள் முதல் எண்ணிப் பார்த்தது என்ற வகையில் ஒன்டாரியோ ஆய்வு தனித்து நிற்கிறது.

இந்தியாவில் சட்ட நிலை

மெத்தில்பெனிடேட்டும் ஆம்பெட்டமைனும் இந்திய மருந்து விதிகளின் எக்ஸ் அட்டவணையில் உள்ளன. இவற்றை விற்கத் தனி உரிமம் வேண்டும். மருத்துவச் சீட்டு இரு படிகளாக எழுதப்பட வேண்டும். ஒரு படியை மருந்துக்கடைக்காரர் இரண்டு ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். மருந்து பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும். போதைப்பொருள் தடுப்புச் சட்டமும் இவற்றுக்குப் பொருந்தும். ஆகவே இவை சாதாரண மெடிக்கல் ஷாப்பில் கேட்டவுடன் கிடைப்பவை அல்ல.

ஆனால் அவற்றின் உறவுப் பொருள்கள் வேறு வாசல்களில் வந்திருக்கின்றன. சளி மாத்திரைகளில் இருந்த பினைல்புரோபனோலமின் மூளை இரத்தக்கசிவோடு தொடர்புடையது என அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. உடல் எடையைக் குறைக்கத் தரப்பட்ட சிபுட்ரமின், 55 வயதைக் கடந்த சுமார் 10,000 பேரிடம் சோதிக்கப்பட்டபோது, உயிர்போக்காத மாரடைப்பையும் பக்கவாதத்தையும் கூட்டியது. 2010இல் ஐரோப்பாவும் அமெரிக்காவும் அதை விலக்கின. இவ்விரண்டையும் இந்திய அரசு 2011 பிப்ரவரியில் ஒரே அறிவிக்கையில் தடைசெய்தது. மூலிகை என்று சொல்லி விற்கப்படும் எடைகுறைப்புப் பொடிகளிலும் மாத்திரைகளிலும் சிபுட்ரமின் கலந்திருப்பதை அதன் பிறகும் பல நாடுகளின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் கண்டுபிடித்துள்ளன.

மூக்கடைப்பு நீக்கும் சூடோஎபிட்ரின் கலந்த மாத்திரைகள் இன்றும் பயன்பாட்டில் உள்ளன. இதுவும் நார்அட்ரினலின் வழியாகவே வேலை செய்கிறது. தனியாக எடுத்தால் பலருக்குத் தொல்லை தராத இம்மாத்திரை, ஊக்கி மருந்தோடு சேரும்போது அழுத்தத்தை மேலும் உயர்த்துகிறது.

வேலூர், ஆம்பூர் தோல் தொழில் பகுதி

பாலாற்றை ஒட்டி இராணிப்பேட்டை, மேல்விசாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என நீளும் பகுதி தமிழ்நாட்டுத் தோல் தொழிலின் மையம். 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்திலும், மேல்விசாரம் இராணிப்பேட்டை மாவட்டத்திலும் சேர்ந்தன. டேனரிகளில் பச்சைத்தோலுக்கு உப்பிடுவது, சுண்ணாம்பிலிடுவது, டிரம்மில் குரோமியம் ஏற்றுவது ஆகிய வேலைகள் பெரிதும் ஆண்களுடையவை. ஷூ கம்பெனிகளில் மேல்பாகம் தைக்கும் வேலையில் பெண்கள் மிகுதி.

இப்பகுதி மக்களின் இதய நலம் நன்கு ஆராயப்பட்ட ஒன்று. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1991-94 ஆண்டுகளில் வேலூர் நகரிலும் கிராமங்களிலும் இதய நோய்க்கான காரணிகளைக் கணக்கெடுத்தனர். 2010-12இல் அதே பகுதியில் மீண்டும் கணக்கெடுத்தனர். இடைப்பட்ட ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் நீரிழிவும், உயர் இரத்த அழுத்தமும், உடல் பருமனும் கூடியிருந்தன. நகரத்து நோய் எனக் கருதப்பட்டவை கிராமத்திலும் பரவியிருந்தன. இரண்டாம் கணக்கெடுப்பின்போது ஐம்பதுகளில் இருந்தவர்கள் இன்று முதியோர். டேனரியிலும் ஷூ கம்பெனியிலும் உழைத்து ஓய்வுபெற்றவர்கள், இன்னும் உழைத்துக்கொண்டிருப்பவர்கள் பலர் இத்தலைமுறையினரே.

இவர்களிடம் ஊக்கி மருந்தின் இடர் இரண்டு வழிகளில் கூடலாம். முதலாவது வெயில். வேலூர் தமிழ்நாட்டின் மிக வெப்பமான ஊர்களுள் ஒன்று. வெப்பத்தில் தோலுக்கு இரத்தம் அனுப்ப இதயம் விரைந்து துடிக்கிறது. வியர்வையால் உடலின் நீரும் உப்பும் குறைகின்றன. சிறுநீர் பெருக்கும் வகை பி.பி. மாத்திரை உட்கொள்பவர்களுக்கு இந்த இழப்பு இன்னும் மிகுதி. பொட்டாசியம் குறைந்தால் துடிப்புக் கோளாறு எளிதில் வரும். ஆம்பெட்டமைன் வகை மருந்துகள் உடல் வெப்பத்தையும் உயர்த்தக்கூடியவை. எனவே சித்திரை, வைகாசி மாதங்களில் மருந்து தொடங்குவதைத் தள்ளிப்போட முடியுமா என்று மருத்துவரைக் கேட்பது பொருத்தமானது.

இரண்டாவது, களைப்பைத் தவறாகப் புரிந்துகொள்வது. உழைத்துப் பழகிய முதியவர் "முன்போல முடியவில்லை, உடம்பு அசதியாக இருக்கிறது" என்று சொன்னால் அது வயதின் இயல்பு என்றோ மனச்சோர்வு என்றோ கருதப்படுவதுண்டு. ஆனால் இதயச் செயலிழப்பின் முதல் அறிகுறி பெரும்பாலும் இந்த அசதிதான். நீரிழிவு நோயாளிகளுக்கு மாரடைப்பே நெஞ்சுவலி இல்லாமல், களைப்பும் மூச்சிறைப்புமாக மட்டும் வரலாம். இரத்தசோகை, தைராய்டு குறைவு, தூக்கத்தில் மூச்சுத் தடைப்படுதல் ஆகியவையும் இதே அசதியைத் தருகின்றன. இந்நிலையில் தரப்படும் ஊக்கி மருந்து நோயாளிக்குச் சில நாட்கள் சுறுசுறுப்பைத் தரும். நோயாளியும் குடும்பத்தாரும் குணமாகிவிட்டதாக எண்ணுவர். தளர்ந்த இதயமோ முன்னிலும் கூடுதலாக உழைத்துக்கொண்டிருக்கும். அசதியின் காரணத்தைக் கண்டறியாமல் அசதியை மட்டும் போக்கும் மருந்தைத் தொடங்கக் கூடாது என்பது இதனால்தான்.

சேர்த்து உட்கொள்வதில் கவனம் வேண்டியவை

• மூக்கடைப்புக்கான சூடோஎபிட்ரின், பினைலெப்ரின் கலந்த சளி மாத்திரைகள்
• ஆஸ்துமாவுக்கான சால்பியூட்டமால், தியோபிலின்: இவையும் துடிப்பை விரைவுபடுத்துபவை
• அமிட்ரிப்டிலின் போன்ற பழைய வகை மனச்சோர்வு மருந்துகள்
• மருந்து எதிர்ப்புக் காசநோய்க்குத் தரப்படும் லினிசோலிட்: மோனோஅமின் ஆக்சிடேசு நொதியைத் தடுக்கும் இயல்பு இதற்கு உண்டு, ஊக்கி மருந்தோடு சேர்ந்தால் இரத்த அழுத்தம் திடீரெனப் பெரிதும் உயரலாம்
• இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின்: மெத்தில்பெனிடேட் சேரும்போது இரத்த உறைவுப் பரிசோதனையைக் கூடுதலாகச் செய்ய வேண்டியிருக்கும்
• அளவுக்கு மீறிய காபி, தேநீர், ஆற்றல் பானங்கள்; பீடி, சிகரெட்

பல மருத்துவர்களிடம் மருந்து வாங்கும் முதியவர், எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு மருத்துவரிடம் செல்வது எளிய பாதுகாப்பு. பெயர் தெரியாத பொடியும் லேகியமும் இருந்தால் அவையும் அப்பையில் இருக்க வேண்டும்.

தொடங்குவதற்கு முன்னும் முதல் மாதத்திலும்

மருந்து தொடங்குவதற்கு முன், முன்பு மாரடைப்பு, பக்கவாதம், மயக்கம், படபடப்பு ஆகியவை வந்தனவா என்று மருத்துவர் கேட்டறிய வேண்டும். வெவ்வேறு நாட்களில் இருமுறையாவது இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். முதியவர்களுக்கு ஈ.சி.ஜி. எடுப்பது நல்லது. மூச்சிறைப்போ கால் வீக்கமோ இருந்தால் எக்கோ பரிசோதனையும் தேவை. அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், கட்டுப்படாத இரத்த அழுத்தம் உள்ளவர்கள், கீழறைத் துடிப்புக் கோளாறு உள்ளவர்கள், முற்றிய இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் ஆகியோருக்கு இம்மருந்துகளைத் தவிர்ப்பதே வழக்கம்.

தொடங்கும் அளவு சிறியதாக இருக்க வேண்டும். மெத்தில்பெனிடேட் முதியோருக்குக் காலையில் 2.5 அல்லது 5 மில்லிகிராம் எனத் தொடங்கி மெல்ல உயர்த்தப்படுகிறது.

முதல் 30 நாட்களுக்கு ஒரு குறிப்பேடு போதும். வாரம் இருமுறையேனும், ஐந்து நிமிடம் அமர்ந்த பின், இரத்த அழுத்தத்தையும் நாடியையும் அளந்து தேதியுடன் எழுத வேண்டும். அழுத்தம் 140/90க்கு மேல் தொடர்ந்து இருந்தாலோ, ஓய்வில் நாடி 100ஐத் தாண்டினாலோ அடுத்த மாத்திரைக்கு முன் மருத்துவரிடம் பேச வேண்டும். வீட்டில் கருவி இல்லாதவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஈ.எஸ்.ஐ. மருந்தகத்திலோ அளந்துகொள்ளலாம். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மருந்து தர வீட்டுக்கு வரும் பணியாளரிடமும், புதிதாக ஊக்கி மருந்து தொடங்கியிருப்பதைச் சொல்ல வேண்டும். வேலையில் இருப்பவர்களுக்கு 2024இல் தொடங்கிய 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பரிசோதனைகளும் உதவும்.

மாதம் முடிந்ததும் மருந்தால் பயன் கிடைத்ததா என்று பார்க்க வேண்டும். பயன் தெரியாத மருந்தைத் தொடர்வதற்குக் காரணம் இல்லை. ஆனால் நீண்ட நாள் உட்கொண்டவர்கள் தாமாகத் திடீரென நிறுத்தினால் கடும் சோர்வும் மனத்தளர்ச்சியும் வரலாம். மருத்துவர் சொல்படி குறைத்து நிறுத்த வேண்டும்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

• நெஞ்சில் வலி, அழுத்தம், இறுக்கம். இடது கை, தாடை, முதுகில் பரவும் வலி
• காரணமின்றி வியர்த்தல், திடீர் மூச்சிறைப்பு
• நிற்காத படபடப்பு, தாறுமாறான துடிப்பு, மயங்கி விழுதல்
• முகம் கோணுதல், ஒரு பக்கக் கை கால் தளர்தல், பேச்சுக் குளறுதல்
• பொறுக்க முடியாத திடீர்த் தலைவலி
• இரத்த அழுத்தம் 180/120க்கு மேல் இருப்பதோடு மேற்கண்டவற்றுள் ஏதேனும் ஒன்று

இவற்றுள் எது வந்தாலும் அடுத்த மாத்திரையை உட்கொள்ளாமல் 108 எண்ணை அழைக்க வேண்டும். நெஞ்சுவலி எனில், 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கான முதற்கட்ட மாத்திரைகள் தரப்பட்டுப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறது. பக்கவாத அறிகுறி எனில் மாத்திரை எதுவும் தராமல், சி.டி. ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு நேரே செல்ல வேண்டும். இரத்தக்கசிவா அடைப்பா என்பது ஸ்கேனில்தான் தெரியும். இரு நிலைகளிலும், நோயாளி ஊக்கி மருந்து உட்கொள்கிறார் என்பதையும் எந்த நாளில் தொடங்கினார் என்பதையும் முதலில் பார்க்கும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மாத்திரை அட்டையையும் குறிப்பேட்டையும் கையோடு எடுத்துச் சென்றால் இது எளிதாகும்.